தண்டனை யாருக்குப் போனது?

ஆயுத பேரத்தில் லஞ்சம் என்று செய்தி வந்தால் போதும், டீக்கடையிலிருந்து நாடாளுமன்றம்வரை ஒரே குரல்தான்: ஒப்பந்தத்தை ரத்து செய், கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் போடு! போட்டுவிட்டால் ஊழலைத் தண்டித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி பொய். அந்தத் தண்டனை லஞ்சம் வாங்கியவனைத் தொட்டதே இல்லை. அதைச் சுமந்தவர்கள் மலைமேல் நின்ற சிப்பாயும் நீர்மூழ்கியில் போன மாலுமியும்.

போஃபர்ஸையே எடுத்துக்கொள்வோம். 1986 மார்ச்சில் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி குட்டை உடைத்தது. நம் சென்னையின் ‘தி இந்து’ ஆவணங்களை அடுத்தடுத்து வெளியிட்டது. அந்தப் பத்திரிகைப் பணிக்கு நான் தலைவணங்குகிறேன். என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல். வி.பி.சிங் ஆட்சி கம்பெனிக்குத் தடை போட்டது. உதிரி பாகம் வரவில்லை. ஒரு பீரங்கியின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்ட வேண்டிய நிலைக்கு ராணுவம் வந்தது. 1999-ல் கார்கில் வந்தபோது டைகர் ஹில்லை நோக்கி முழங்கியதும் இதே பீரங்கிதான். குண்டுகளுக்காக அவசர அவசரமாக வெளிநாடுகளிடம் போய் நின்றோம். இருப்பதை வைத்துச் சண்டை போடுவோம் என்று தளபதி வி.பி.மாலிக் சொன்னது அப்போதுதான்.

தரகர் என்று பெயர் அடிபட்ட குவாத்ரோக்கி? 1993-ல் நாட்டை விட்டுப் போனார். 2011-ல் டெல்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது.

நீர்மூழ்கிக் கதை இன்னும் வேதனையானது. 1981-ல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் ஒப்பந்தம்: இரண்டு அங்கே, இரண்டு மும்பை மஸகான் கப்பல்தளத்தில். நீர்மூழ்கியின் உடலை வெல்டிங் செய்வது சாதாரண வேலையல்ல. கடலின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய தடித்த எஃகு. ஒவ்வொரு பற்றவைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். நம் தொழிலாளர்கள் அதைக் கற்றுக்கொண்டு இரண்டு நீர்மூழ்கிகளைக் கட்டிக் காட்டினார்கள். அதற்குள் கமிஷன் புகார் கிளம்பியது. மேலும் கட்டும் திட்டம் நின்றது. 1994-ல் அந்த இரண்டில் கடைசியான ஷங்குல் கடற்படையில் சேர்ந்தது. அந்தத் தளத்தின் அடுத்த நீர்மூழ்கி, கல்வரி, சேர்ந்தது 2017-ல். கைத்தொழில் 23 வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தால் இருக்குமா? கற்றவர்கள் கலைந்து போனார்கள். பிரான்ஸிடம் திரும்பவும் அரிச்சுவடி படித்தோம்.

அந்தக் கல்வரிக்கும் புதிய கனரக டார்பிடோ வாய்க்கவில்லை. வி.ஐ.பி. ஹெலிகாப்டர் ஊழலில் சிக்கியது இத்தாலிய ஃபின்மெக்கானிகா குழுமம். அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனி தர இருந்த டார்பிடோவையும் சேர்த்துக் கைவிட்டோம். ஹெலிகாப்டருக்கும் டார்பிடோவுக்கும் என்ன சம்பந்தம்?

ஹெலிகாப்டர் பேரத்தை ரத்து செய்ததால் வங்கி உத்தரவாதப் பணம் திரும்பியதே என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. தலைவர்கள் பறக்கிற ஹெலிகாப்டர் இல்லாமல் நாடு இருக்கும். பீரங்கி இல்லாமல், டார்பிடோ இல்லாமல் இருக்க முடியுமா? லஞ்சம் கொடுத்த கம்பெனியிடம் வலிக்கிற அளவுக்கு அபராதம் வாங்குங்கள். ஒப்புக்கொண்ட சரக்கையும் உதிரியையும் கறந்து வாங்குங்கள். கை நீட்டியவனைச் சிறையில் தள்ளுங்கள். அபராதத்துக்கு இடம் தரும் விதி 2016-லேயே வந்துவிட்டது. மாற வேண்டியது “ரத்து செய்” என்ற நம் பழைய கூச்சல்.

போஃபர்ஸ் ஒப்பந்தத்தோடு, பீரங்கியை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களும் வந்திருந்தன. காசு கொடுத்து வாங்கியவை. கால் நூற்றாண்டாகத் தூசி படிந்து கிடந்தன. பிறகுதான் அவற்றைப் பிரித்து ‘தனுஷ்’ செய்தார்கள். ஜபல்பூர் தொழிற்சாலையிலிருந்து முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்துக்குப் போனது 2019 ஏப்ரலில். 1987-ல் பதினெட்டு வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்த பையனுக்கு அப்போது ஐம்பது வயது. ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருப்பான்.