கெட்டிமேளத்துக்கு இடம் விடுங்கள்!

முகூர்த்த நேரம். மாப்பிள்ளை கையில் தாலி. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று தாத்தா கையை உயர்த்திக் குரல் கொடுக்கிறார். நாதசுரமும் தவிலும் ஒன்றாக முழங்குகின்றன. அட்சதை பறக்கிறது. அத்தனையும் ரிக்கார்டரில் பதிவாகிறது.

சில ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தாத்தா இப்போது இல்லை. அவர் குரலையாவது கேட்கலாம் என்று குடும்பம் கூடி உட்காருகிறது. மந்திரம் தெளிவாகக் கேட்கிறது. கெட்டிமேளம் வந்ததும் "கரகர" என்று ஒரே இரைச்சல்! தாத்தாவின் குரல் அதில் மூழ்கிப் போகிறது.

"மெஷின் கோளாறு" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் மெஷின் மீது குற்றம் இல்லை. மிக்சரின் அளவும் ரிக்கார்டரின் அளவும் ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான்!

படியும் உழக்கும்

மிக்சர் என்பது பல மைக்குகளின் ஒலியை ஒன்றாகக் கலந்து அனுப்பும் சிறு பெட்டி. ரிக்கார்டர் அதை வாங்கிப் பதிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓடுவது மின்சாரம்.

தொழில் முறை மிக்சர் அனுப்பும் மின்சாரத்தின் வழக்கமான அளவு சுமார் 1.23 வோல்ட். வீட்டு உபயோகக் கருவிகள் எதிர்பார்ப்பது சுமார் 0.316 வோல்ட். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஒரு படி அரிசியை உழக்கில் கொட்டினால் என்ன ஆகும்? உழக்கு நிறையும்; மிச்சம் சிதறும்.

மைக் தருவது இன்னும் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்கு போட்டால் அதில் சில பங்குதான். ரிக்கார்டரில் மைக்குக்கு என்று உள்ள துளையில் மிக்சரின் ஒயரைச் செருகுவது, படி அரிசியைக் கரண்டியில் கொட்டுவது போன்றது. மிக்சர் ஒயருக்கு உரியது 'லைன்' என்னும் துளை. பல கருவிகளில் இதற்குச் சிறு சுவிட்சு உண்டு. அதைப் பார்க்காமல் விட்டதால் கெட்டுப்போன பதிவுகள் எத்தனையோ!

கூரையைத் தாண்டினால்...

டேப் ரிக்கார்டர் காலத்தில் நாடாவிலேயே ஓர் இரைச்சல் இருந்தது. அதை அமுக்க, ஒலியை நன்றாக ஏற்றிப் பதிவு செய்தார்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் நாடா பொறுத்துக்கொள்ளும்.

டிஜிட்டல் ரிக்கார்டர் பொறுக்காது. அதன் மீட்டரில் பூஜ்யம் என்பது கூரை. அதற்கு மேல் வந்த ஒலியின் தலை வெட்டப்படும். வெட்டிய தலையைப் பழையபடி ஒட்ட முடியாது.

ஆனால் பழைய வழக்கம் போகவில்லை. இன்றும் சிலர் மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் நல்ல பதிவு என்று நினைக்கிறார்கள். 24 பிட் ரிக்கார்டரில் அந்த அவசியமே இல்லை. தாழ்வாகப் பதிந்த ஒலியைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். வெட்டுப்பட்டதைத்தான் சரிசெய்ய முடியாது.

ஒரு நிமிட வேலை

அளவை ஒத்துப்போகச் செய்வது எப்படி? வழி எளிது. நல்ல மிக்சர்களில் 'டோன்' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் "பீ...." என்று ஒரே சீரான ஒலி வரும். மிக்சரின் முள் 0 காட்டும்போது, ரிக்கார்டரின் மீட்டர் மைனஸ் 20 காட்டும்படி திருகை வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு நிலையங்களில் மைனஸ் 18 என்பது வழக்கம்.

மைனஸ் 20 என்றால் கூரைக்குக் கீழே 20 டெசிபல் இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். மின் அளவு 10 மடங்கு உயர்ந்தாலும் தாங்கும். அந்த இடம்தான் கெட்டிமேளத்துக்கு உரிய இடம்!

டோன் பொத்தான் இல்லையா? சுருதிப் பெட்டி போதும். அதன் ஒலி ஏறாமல் இறங்காமல் நிற்கும். அதை மைக் முன் வைத்து இரண்டு மீட்டர்களையும் ஒத்துப் பார்க்கலாம்.

முள்ளை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்காவில் 1939-ல் உருவான 'வி.யு.' மீட்டரின் முள், ஒலிக்கு ஏற்ப எழுந்து நிற்க ஒரு விநாடியில் 10-ல் 3 பங்கு நேரம் எடுக்கும். அதற்குள் தவில் அடி விழுந்து ஓய்ந்துவிடும். ஆகவே தவில் வித்துவானை முன்கூட்டியே ஒருமுறை ஓங்கி வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

"தானாக அளவு பார்க்கும்" வசதியையும் நிறுத்திவிட வேண்டும். மந்திரத்தின் இடைவெளியில் அது மின்விசிறிச் சத்தத்தை உயர்த்தும். மேளம் வந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

"32 பிட் 'ப்ளோட்' ரிக்கார்டர் வந்துவிட்டது, இனி அளவே பார்க்க வேண்டாம்" என்பார்கள் சிலர். அது அரை உண்மை. மிக்சரிலேயே ஒலி வெட்டுப்பட்டால் எந்த ரிக்கார்டரும் அதைக் காப்பாற்ற முடியாது.

யார் பொறுப்பு?

பாதிப் பொறுப்பு ஒலிப்பதிவாளருக்கு. தினமும் செய்கிற வேலைதானே என்று பரீட்சை பார்க்காமல் தொடங்குவது தவறு.

மறு பாதி கல்யாண வீட்டாருக்கு. பந்தலுக்கு ஒரு நாள் கொடுக்கிறார்கள். பந்திக்கு ஒரு நாள் கொடுக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் 5 நிமிடம் கேட்டால் மட்டும், "சீக்கிரம் ஆகட்டுமப்பா, நேரமாகுது!" என்று விரட்டுகிறார்கள். அந்த 5 நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். "அளவு பார்த்தாச்சா?" என்று வீட்டார் ஒரு வார்த்தை கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

போட்டோ மங்கினாலும் முகத்தை ஒருவாறு அடையாளம் காணலாம். குரல் வெட்டுப்பட்டால் போனது போனதுதான். கெட்டிமேளத்தை வேறொரு நாள் மறுபடி வாசிக்கச் சொல்லலாம். "கெட்டிமேளம்!" என்று குரல் கொடுக்கத் தாத்தா வரமாட்டார்.