பூட்டை இழுத்துப் பார்ப்பது யார்?

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறவர் நாலடி நடந்ததும் திரும்பி வந்து பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். இது சந்தேகப் புத்தி அல்ல, பொறுப்பு. பூமிக்கடியில் கரியமிலவாயுவைப் பூட்டி வைக்கும் தேசங்களுக்கும் இந்தப் பொறுப்பு அவசியம்.

இந்த வேலைக்கு முன்னோடி நார்வே. வட கடலில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் கிடைக்கும் எரிவாயுவில் சுமார் 9 சதவிகிதம் கரியமிலவாயு கலந்திருக்கிறது. அதை வானத்தில் விட்டால், 1991-ல் விதிக்கப்பட்ட வரியைக் கட்டவேண்டும். ஆகவே 1996-ல் அதைப் பிரித்தெடுத்து, கடலின் தரைக்கும் கீழே 800 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன்! மேலே களிப்பாறை மூடிபோல் கவிந்திருக்கிறது.

மூடி ஒழுகவில்லை என்று எப்படித் தெரியும்? கப்பலிலிருந்து ஒலி அலைகளைக் கீழே அனுப்பி, எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். வாயு புகுந்த பாறையின் எதிரொலி வேறு விதமாக இருக்கும். 1994-லேயே எடுத்துவைத்த படத்தோடு 1999-லும் அதற்குப் பிறகும் எடுத்த படங்களை ஒப்பிட்டதில், வாயு அடுக்கடுக்காகப் பரவினாலும் மூடிக்குக் கீழேயே இருப்பது தெரிந்தது.

எல்லா இடத்திலும் இப்படியே நடந்ததா? இல்லை. அல்ஜீரியாவின் இன் சலாவில் 2004-ல் வாயுவைச் செலுத்தத் தொடங்கியபின், தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயருவதைச் செயற்கைக் கோள்கள் கண்டுபிடித்தன. மூடிப்பாறையைப் பற்றிக் கவலை எழவே, 2011-ல் வேலை நின்றது. நார்வேயிலேயே ஸ்னோவிட் என்ற இடத்தில் 2008-ல் தொடங்கிய வேலையில், எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. 2011-ல் வேறு பாறை அடுக்குக்கு மாற்றினார்கள். கண் விழித்திருந்ததால் அல்லவா காலத்தில் விஷயம் தெரிந்தது?

"பாறை பார்த்துக்கொள்ளும், ஓயாத காவல் வீண் செலவு" என்று வாதிப்பவர்களும் உண்டு. பாறை நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அதைத் துளைத்துக் குழாய் இறக்கியவன் மனிதன். கரியமிலவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மூக்கு எச்சரிக்காது, கருவிதான் எச்சரிக்கவேண்டும்.

ஐரோப்பியச் சட்டம் 2009-ல் ஒரு வழி காட்டியது. கிணற்றை மூடியபின், பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கம்பெனியே பொறுப்பு. பிறகு பொறுப்பு சர்க்காருக்கு மாறும். அதற்குமுன், குறைந்தது 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவுக்காவது கம்பெனி பணம் தரவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாயு அங்கே இருக்கவேண்டியது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயிற்றே! லாபம் இன்றைய கம்பெனிக்கு, காவல் நாளைய பேரப்பிள்ளைகளுக்கு என்பது என்ன நியாயம்?

ஆகவே காவல் செலவுக்கு வேண்டிய பணத்தை முதலிலேயே கட்டிவைக்கவேண்டும். அளவுக் கணக்கைக் கம்பெனி மட்டும் பார்த்தால் போதாது; வெளியார் சோதிக்கவேண்டும்; ஜனங்கள் பார்க்கும்படி பிரசுரிக்கவேண்டும். பூட்டியவனே "பத்திரம்" என்று சொன்னால் போதாது. அடுத்த வீட்டுக்காரனும் இழுத்துப் பார்க்கட்டும்!