கல்லு நம்மளுது, பேரு அவனுதா?

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் நண்பனும் பீச் ரோட்டுல காந்தி சிலை பக்கத்துல உட்கார்ந்து சுண்டல் கொறிச்சிட்டிருந்தோம். சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூண்களைக் (செஞ்சியில இருந்து வந்ததுன்னு சொல்வாங்க) காட்டி ஆரம்பிச்சான். "கல்லு பூரா நம்ம கல்லு. ஆனா பல்லாவரத்துப் பாறைக்குப் பேரு சார்னோக்கைட்டாம். வெள்ளைக்காரன் பேரையும் திருடிட்டான் பாத்தியா!"

இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுங்க. அதான் இந்தப் பதிவு.

முதல்ல கதை. கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்ட் ஜாப் சார்னோக்கோட கல்லறை இருக்கு. மேல இருக்குற கல்லு பல்லாவரம் - பரங்கிமலை பக்கத்துப் பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ஞ்சு 1893-ல கட்டுரை எழுதினார். கல்லறைக்காரர் பேரையே பாறைக்கும் வெச்சார். அவ்ளோதான் கதை.

ஆனா ஹாலந்துக்கு முன்னாடியே இந்த இனத்துப் பாறை ஒருத்தர் கையில கிடைச்சிருக்கு. நம்ம புதுச்சேரியில தங்கி ஊர் ஊரா செடியும் கல்லும் பொறுக்கின லெஷெனோ. 1819 வாக்குல சேலம் பக்கம் எடுத்த கற்கள் பாரீசுக்குப் போய் எழுபது வருஷம் சும்மா கிடந்துச்சு. 1889-ல லக்ருவா அதைப் பத்தி எழுதினப்போ புதுப் பேர் எதுவும் வைக்கல, 'பைராக்சின் நைஸ்'னு விட்டுட்டார். ஆக பிரெஞ்சுக்காரனுக்கும் பட்டை நாமம்தான் :-) பொறுக்கினவனுக்குப் பேர் இல்ல. பேர் வெச்சு எழுதினவன் வெச்சதுதான் நின்னுச்சு.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "கொரண்டம்ங்கறதே தமிழ்ச்சொல் தெரியுமா?"ன்னு காலரைத் தூக்கி விடுற கோஷ்டி. நெசம்தான். சிவப்பா இருந்தா மாணிக்கம், நீலமா இருந்தா நீலக்கல்னு சொல்ற கனிமம் அது. நம்ம குருந்தம்தான் கொரண்டம் ஆச்சு. ஆனா அந்தச் சொல் எப்படி உலகத்துக்குப் போச்சு? கிரெவில்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1798-ல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல அந்தப் பேரைப் போட்டே கட்டுரை எழுதினார். இங்கயும் எழுதினவன் அவன்தான். நாம காலரைத் தூக்கறதோட சரி.

இன்னைக்கும் நடைமுறை அதேதான். புதுக் கனிமத்தை ஆராய்ஞ்சு விவரிக்கிறவர்தான் பேரை முன்மொழியணும். சர்வதேசக் கனிமவியல் சங்கத்தோட குழு ஓட்டுப் போட்டு ஏத்துக்கணும். மாதிரியை மியூசியத்துல வைக்கணும். தன் பேரைத் தானே வெச்சுக்கக் கூடாது. கல்லு யாரு ஊரு, பேர் வைக்கிறவன் யாரு ஊருன்னு எவனும் கேக்கறதில்ல.

நம்மாளு எழுதின கதையும் இருக்கு. ஆனந்த குமாரசாமி. அப்பா யாழ்ப்பாணத் தமிழர், ஊர் கொழும்பு. நடராஜர் தத்துவம் எழுதினவரா மட்டும்தானே தெரியும்? அதுக்கு முன்னாடி அவர் புவியியல்காரர். 1903-ல பிரையர்ங்கறவரோட சேர்ந்து இலங்கையில கிடைச்ச ஒரு புதுக் கனிமத்தை விவரிச்சு வெளியிட்டார். பேரு செரண்டிபைட். செரண்டிப்னா அரபிக்காரங்க இலங்கைக்கு வெச்ச பேர். எழுதினதால ஊர்ப் பேர் நின்னுச்சு.

"வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?"ன்னு கேப்பீங்க. இல்லீங்க. ஆய்வகம், கப்பல், அச்சகம் எல்லாம் அன்னைக்கு அவன் கையில. பல்லாவரத்துல கல்லுடைச்சவனுக்கு வாய்ப்பே இல்ல. அந்தக் கோபம் நியாயம். ஆனா இன்னைக்கு நமக்கு என்ன சாக்கு?

எங்க ஊர்ல இருந்து 30 கிலோமீட்டர் தூரத்துல திருவக்கரை. கல்லாய்ச் சமைஞ்ச மரங்கள். 1781-லயே சொன்னரா பார்த்திருக்கார். உள்ளூர்ல அதுக்கு 'கல்மரம்'னு அழகான பேர். சுத்தி கல்குவாரிங்க. உளி பிடிச்சவங்க ஒவ்வொரு கல்லுக்கும் என்ன பேர் சொல்றாங்கன்னு போய்க் கேட்டு எழுதினவங்க நம்மள்ல எத்தனை பேர்? நமக்கு எல்லாமே 'கருங்கல்'.

வர ஞாயித்துக்கிழமை நோட்டும் கேமராவுமா கிளம்பறேன். நண்பனையும் இழுத்துட்டுப் போறேன். நீங்க உங்க ஊர் மலைக்குப் போங்க, கேட்டதை எழுதுங்க. அப்புறம் திருட்டைப் பத்திப் பேசலாம்.

பி.கு: சார்னோக்கைட் பாறை, கனிமம் இல்ல. பல கனிமம் சேர்ந்த பாறை அது. பின்னூட்டத்துல இதுக்காக யாரும் கும்ம வேணாம் :-)