எண்ணூருக்கு ஏன் கப்பலில் வருகிறது நிலக்கரி? 25 கோடி ஆண்டுக்கு முன் அழிந்த ஓர் இலையின் கதை

கோடை வந்தாலே 'அனல்மின் நிலையங்களில் நிலக்கரி கையிருப்பு குறைவு' என்ற செய்தியும் வந்துவிடும். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சேரில் தோண்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கு வருகிறது.

பக்கத்திலேயே நெய்வேலி இருக்கே? அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. வயதில் மிக இளையது, ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது.

இந்தியாவின் கறுப்பு நிலக்கரியில் கிட்டத்தட்ட எல்லாமே குளோசாப்டெரிஸ் காடுகள் மக்கி உருவானது. 1828-ல் பிரெஞ்சு தாவரவியலாளர் அடோல்ஃப் பிரோன்யார் வைத்த இந்தப் பெயருக்கு 'நாக்குப் பெரணி' என்று பொருள். இலை நாக்கு மாதிரி இருக்கும். ஆனால், அது பெரணியே (ஃபெர்ன்) அல்ல. பெரணிக்கு விதை கிடையாது, இதற்கு உண்டு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதன் புதைபடிவங்கள் இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகாவில் கிடைக்கின்றன. 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ராபர்ட் ஸ்காட் குழு, நடக்கவே தெம்பில்லாத நிலையிலும் சுமந்துவந்த சுமார் 16 கிலோ கற்களில் இந்த இலையும் இருந்தது. இத்தனை கடல்களை ஒரு செடியின் விதை எப்படித் தாண்டும்? தாண்டவில்லை. அன்று இந்த நிலங்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன. மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் பெயரால், அந்தப் பெருநிலம் கோண்டுவானா எனப்படுகிறது.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் விலகத் தொடங்கிய பிறகு, இன்றைய தாமோதர், மகாநதி, கோதாவரி ஆறுகள் ஓடும் பள்ளங்களில் சதுப்புக் காடுகள் வளர்ந்து புதைந்தன. ஜாரியா, ராணிகஞ்ச், தால்ச்சேர், சிங்கரேணி எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. அப்படி ஒரு சுரங்கம் தமிழ்நாட்டில் இல்லை.

தூரம்கூடப் பெரிய சிக்கல் இல்லை, சாம்பல்தான் சிக்கல். அந்தப் பள்ளங்களில் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் சேர்த்தே கொட்டின. அதனால் இந்திய நிலக்கரியில் பொதுவாக 30 முதல் 45 சதவீதம் சாம்பல். 100 டன் எரித்தால் குறைந்தது 30 டன் மிஞ்சும். இந்தோனேசிய நிலக்கரி இளையது, சாம்பல் குறைவு. அதைக் கலந்து எரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் விலை அதிகம்.

மிஞ்சும் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டு, குழாய் வழியாகக் குளங்களுக்குப் போகிறது. குழாய் கசிந்தால் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் கலக்கிறது. வலை வீசும் மீனவர்களின் இந்தப் புகார் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.