உயிருள்ள குளிகைகள்

கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் ஊருக்கு வருங்கால், முதிய பெற்றோருக்கெனக் கொணரும் பொருள்களுள் 'புரோபயோட்டிக்' எனும் குளிகைப் புட்டியும் இன்று இடம்பெறுகின்றது. அன்பினாற் கொணர்வதே. ஆயினும், அதனை விற்றமின் போலக் கருதி யாவர்க்கும் வழங்குதல் தகாதென்பது எமது கருத்து.

விற்றமின் உயிரற்ற பொருள். இதுவோ உயிருள்ள நுண்ணங்கிகளின் திரள். பல்கேரிய மக்கள் அருந்தும் புளித்த பாலிலுள்ள பற்றீரியங்கள் முதுமையைத் தாமதிக்கச் செய்யுமென மெச்னிக்கோவ் கருதினார். வேறோர் ஆய்வுக்காக 1908 இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். அக்கருத்து நிறுவப்படவில்லை, விளம்பரம் எழுதுவோர் மட்டும் அதனை இன்னும் மறந்திலர்.

புட்டியின்மேல் நூறு கோடி, ஆயிரங் கோடி என எண் பொறித்திருப்பர். எண் கூடினாற் பயனுங் கூடுமென்று மயங்குவார் பலர். எந்த வகை நுண்ணங்கி, எந்நோய்க்கு, எத்துணை நாள் என்பதன்றோ வினா? ஒரு நோய்க்குப் பயன்கண்ட வகை பிறிதொன்றுக்கு உதவுமென்னும் நியதியில்லை.

நெதர்லாந்தில், கடுமையான சதையி அழற்சியுற்ற ஏறக்குறைய 300 நோயாளரிடத்து நிகழ்ந்த சோதனையின் முடிபு 2008 இல் வெளியாயிற்று. நுண்ணங்கி பெற்றோருள் 24 பேர் இறந்தனர். போலி மருந்து பெற்றோருள் இறந்தவர் 9 பேரே. நோயாளரைத் தொற்றினின்றுங் காக்குமென நம்பிக் கொடுத்ததன் விளைவு இது! குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றை வழங்கின் குருதியில் தொற்று உண்டாகி உயிரிழப்பும் நேரலாமென 2023 இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றீடு செய்துகொண்டோர், பெருநாளத்திற் குழாய் இடப்பட்டோர் ஆகியோர் வைத்தியரின் சொல்லின்றி இவற்றைத் தொடலாகாது. மதுவ வகையாயின், அத்தகைய நோயாளியின் கட்டிலருகே உறையைப் பிரித்துத் தூளைக் கலத்தலும் ஆபத்தே.

சுகதேகிகளுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. தொடக்கத்தில் வயிறு சிறிது ஊதலாம். குறித்த அளவை இரட்டிக்காது, கருதிய பயன் சில வாரங்களிற் கிட்டாவிடின் நிறுத்துக. நுண்ணுயிர்கொல்லி உண்போர் பற்றீரிய வகைகளை இரண்டு மணி நேரமேனும் இடைவிட்டு உட்கொள்ளுதல் வேண்டும். பல வகைகள் வெப்பத்தில் இறந்துபடுமாதலால், குளிரிற் பேணுமாறு குறித்தவற்றைப் பொதியில் அனுப்புதல் வீண்செலவு. வீட்டுத் தயிரும் மோரும் மருந்தல்ல. ஆயினும் நல்லுணவு, விலையும் குறைவு.

புட்டியை வாங்குமுன், தந்தையாரும் தாயாரும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை வருவித்து, அங்குள்ள மருந்தாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.