இறாலுக்கு ஒரு கோடு

என்ன, கடலில் மீன் பிடிப்பதற்குமா லைசென்ஸ் என்று மூக்கின்மேல் விரலை வைக்காதீர்கள், சகோதரிகளே! வீட்டு ரேடியோவுக்கே லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று இருந்தது. ஊருக்கெல்லாம் இறால் கொண்டுவரும் விசைப்படகுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? அடுத்த முறை காசிமேட்டுப் பக்கம் போனால் படகுகளின் பக்கவாட்டைப் பாருங்கள். 'ஐ.என்.டி.–டி.என்.' என்று தொடங்கும் எண் ஒன்று எழுதியிருக்கும். அது பதிவு எண். அதற்கு மேல், மீன் பிடிக்கத் தனியாக லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சண்டைதான் இந்த வார விஷயம்.

தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1983-இல் வந்தது. விசைப்படகு கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் வலை போடக் கூடாது; அதாவது சுமார் ஐந்தரை கிலோ மீட்டர். அந்தக் கரையோரத் தண்ணீர் கட்டுமரக்காரருக்கும் வள்ளக்காரருக்கும். (கட்டுமரம் இருந்த பல இடங்களில் இன்று மோட்டார் வைத்த ஃபைபர் படகு இருக்கிறது, அது வேறு கதை.) விதியை மீறினால் அபராதம் போடலாம், லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சங்கடம் எங்கே என்றால், இந்தக் கோடு எங்கே கிழித்திருக்கிறது என்பது இறாலுக்குத் தெரியாது.

நாம் விரும்பி வாங்கும் வெள்ளை இறாலும் வரி இறாலும் வாழும் விதத்தைக் கேளுங்கள். தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு மிதந்து வந்து, முகத்துவாரம் வழியாகப் பழவேற்காடு, முத்துப்பேட்டை போன்ற உப்பங்கழிகளுக்குள் நுழையும். புகுந்த வீட்டுக்கு அனுப்புமுன் பிறந்த வீட்டில் வளர்ப்பதுபோல், சில மாதம் அந்தச் சேற்றில் தின்று கொழுத்து, பிறகு கடலுக்குத் திரும்பும். திரும்பியதும் நெடுந்தூரம் போய்விடுவதில்லை. கரையை அடுத்த ஆழமில்லாத சேற்றுத் தரைதான் அதற்குப் பிடித்த இடம். ஆக, விசைப்படகுக்காரரைப் பார்த்துச் சட்டம் "அப்பாலே போ" என்கிறது. அவர் தேடி வந்த சரக்கோ பெரும்பாலும் இப்பாலே கிடக்கிறது!

விசைப்படகின் வலை பை மாதிரி. வாயை இரண்டு பக்கமும் பலகைகள் விரித்துப் பிடிக்க, கடல் தரையை வாரிக்கொண்டே வரும். இறாலோடு மீன்குஞ்சும் நண்டும் நத்தையும் சேர்ந்து வரும். வழியில் கட்டுமரக்காரர் போட்டு வைத்த வலை இருந்தால் அதுவும் அறுந்து போகும். ஒரு வலை போனால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போயிற்று என்று அர்த்தம். கூடை சுமந்து தெருத் தெருவாக மீன் விற்கும் அம்மாளுக்கு மறுநாள் விற்க ஒன்றுமிராது.

இந்த முறை இங்கே பரவியது 1950-களுக்குப் பிறகு. 1952-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி நார்வே தேசத்தின் உதவியோடு கேரளக் கரையில் விசைப்படகுகள் புகுந்தன. இறால் ஐஸில் உறைந்து அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகத் தொடங்கியதும் படகுகள் பெருகின. 1970-களில் இரு தரப்புக்கும் கைகலப்பு, தீ வைப்பு என்று கரையெங்கும் அமளி. கேரளம் 1980-இல் சட்டம் போட்டது. மூன்று வருஷம் கழித்து நாம் போட்டோம்.

நம் சட்டத்தில் நேர விதியும் உண்டு. விசைப்படகு காலை 5 மணிக்கு மேல்தான் துறையை விட்டுக் கிளம்பலாம். இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அது வகுத்தது. இருட்டில்தான் சிறு படகுக்காரரின் வலைகள் மிதக்கும் என்பது காரணம். ஆனால் இறால் வகைகளில் பல, பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடந்து இரவில்தான் வெளியே உலாவும். சட்டம் இரண்டாவது தடவையும் இறால் பிடிப்பவரின் வயிற்றிலேயே அடிக்கிறது, பாருங்கள்! பாக் நீரிணையில் இன்னொரு ஏற்பாடு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. ஒரே குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பதைப் போலத்தான்.

விசைப்படகுக்காரர் எல்லாரும் பொல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். டீசல் கடன், ஐஸ் கடன், வட்டி எல்லாம் அவர் தலையில். ஆனாலும் என் மனம் சிறு படகுக்காரர் பக்கமே சாய்கிறது. விசைப்படகு ஆழத்துக்குப் போக முடியும். இவர் எங்கே போவார்? லைசென்ஸ் கொடுப்பதோடு சர்க்காரின் வேலை முடிந்துவிடவில்லை. தண்ணீரில் கோடு கண்ணுக்குத் தெரியாது. ரோந்துப் படகும், அதற்கு டீசலும், பயப்படாத அதிகாரியும் இருந்தால்தான் அது கோடு.

கோடு மங்கினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரியில் சென்னைவாசிகள் கண்ணால் பார்த்தார்கள். பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலைப் பைக்குள் மாட்டிக்கொண்டால் மூச்சுத் திணறிப் போகும். முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அவை கூடும் இடங்களில் ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாதென்று விதி இருந்தும் இந்தக் கதி. வலைக்குள் ஒரு கம்பித் தட்டியும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் ஆமை தப்பிவிடும், இறால் பைக்குள் போகும். கொஞ்சம் இறாலும் கூடவே தப்பிவிடும் என்று படகுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆமை காக்கும் ஏற்பாடு இல்லாத நாட்டின் கடல் இறால் தன் நாட்டுக்குள் வரக் கூடாதென்று அமெரிக்கா 1989-லேயே சட்டம் செய்துவிட்டது. உள்ளூர்க்காரரான நாமோ எடையையும் விலையையும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு லைசென்ஸ் இருந்தாலும் விடுமுறை. முன்பு 45 நாளாக இருந்த தடை, பின்னர் 61 நாளாயிற்று. அந்த நாளில் சந்தைக்கு வரும் இறாலில் பெரும்பாலும் பண்ணைக் குட்டையில் வளர்த்தது; மற்றது நாட்டுப்படகுக்காரர் கொண்டு வந்தது. எது எது என்று கூடைக்கார அம்மாளிடமே கேளுங்கள். அவர் பொய் சொல்லமாட்டார். விலையில் மட்டும் ஐந்து ரூபாய் கூட்டிச் சொல்வார்.