இருபத்தைந்து வருஷ வாரண்டி

நாகர்கோவில் பக்கம் இப்போது மொட்டை மாடி வீடாகப் பார்த்து சோலார் பேனல் விற்க ஆள் வருகிறார்கள். பென்ஷன்காரர் வீடென்றால் இன்னும் உற்சாகம். மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் என்கிறார்கள், அது உண்மைதான். என் தகராறு அடுத்த வரியோடு: "இருபத்தைந்து வருஷ வாரண்டி சார், கவலையே வேண்டாம்."

காலமெல்லாம் கோப்பு பார்த்த குமாஸ்தா நான். பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். அந்த வாரண்டியில் பொதுவாக இருப்பது, 25 வருஷம் கழித்துத் தொடக்கத் திறனில் 80 சதவீதமாவது கிடைக்கும் என்பது. ஐந்தில் ஒரு பங்கு போனாலும் கேட்காதே என்று அர்த்தம். விற்பவர் வாயால் இதைக் கேட்டவர் உண்டா?

அவர்கள் போடும் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 12 யூனிட், வருஷத்துக்கு 4,380, அதை 25-ஆல் பெருக்கி 1,09,500. வருஷம் ஒரு சதவீதம் தேய்ந்தாலே அதில் சுமார் 12,000 யூனிட் வராது. ஏறக்குறைய மூன்று வருஷ மின்சாரம்!

ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதை 1839-ல் கண்டவர் எட்மோன் பெக்கெரேல், பத்தொன்பது வயதுப் பிள்ளை. (பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பாசம்.) சிலிக்கான் லேசில் கெடாது. அதைச் சுற்றியிருப்பதுதான் கெடுகிறது. கண்ணாடிக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் படலம் மஞ்சளாகும், ஈரம் புகுந்து பற்றவைப்பு அரிக்கும், பின்பக்கத் தாள் வெடிக்கும். கழுவ ஏறியவர் மிதித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். குளச்சல், மணக்குடியில் இரும்புக் கேட் படும் பாட்டை நாம் பார்க்காததா?

உலக அளவில் வருஷத்துக்கு அரை சதவீதம்தான் தேய்மானம் என்று காட்டுவார்கள். பம்பாய் ஐஐடி பங்கெடுத்து நாடு முழுக்க அளந்த ஆய்வுகளில், குளிர்ந்த இடத்தைவிட வெப்பப் பகுதியிலும், பெரிய மின்நிலையத்தைவிட வீட்டுக் கூரையிலும் தேய்மானம் அதிகம் என்றே வந்திருக்கிறது. நமக்கு இரண்டும் பொருந்தும். பிறகு அந்த அரை சதவீதத்தை ஏன் நம் தலையில் கட்டுகிறார்கள்?

'அஞ்சு வருஷத்தில் குப்பை' என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அவர்கள் வீட்டில் செத்தது பெரும்பாலும் பேட்டரி, பழி பேனலுக்கு.

போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷவாரியாக எவ்வளவு குறையலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள். மாதம் பிறந்ததும் யூனிட்டை ஒரு நோட்டில் குறியுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, ஜூனை ஜூனோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது. மார்ச் கணக்கை நவம்பரோடு வைத்துச் சண்டைக்குப் போனால் கம்பெனிக்காரன் சிரித்தே அனுப்பிவிடுவான்.